வயிற்றுக்குள் ஒரு பேச்சு



தலைவலி என்றால் அடுத்த காம்பரா அக்காவிடம் சொல்கிறோம். முழங்கால் நோவு என்றால் மலையில் நிரை பிடிக்கும்போதே சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் மலத்தோடு இரத்தம் போகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. கட்டிய கணவரிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும் பெண்களை நான் அறிவேன். இந்த மாதம் நமது பக்கத்தில் அந்தச் சொல்லாத விஷயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஹுன்னஸ்கிரியப் பகுதியில் கொழுந்து பறிக்கும் ஒரு வாசகி கேட்ட கேள்விகளே இதற்குக் காரணம். முப்பது வயதைத் தாண்டாதவர். பல மாதங்களாக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சீதமும் இரத்தமும் கலந்து வயிற்றால் போயிருக்கிறது. வயிற்றுளைவு என்று நினைத்துக் கொஞ்ச நாள் மருந்து குடித்தார். மூலம் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நாள் நாட்டு மருந்து சாப்பிட்டார. உடம்பு மெலிந்து, முகம் வெளிறி, மலை ஏற மூச்சு வாங்கிய பிறகுதான் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பின்பக்கமாகச் சிறிய கமரா விட்டுக் குடலைப் பார்த்து, பெருங்குடலில் புண் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அவர் என்னிடம் கேட்டவை மூன்று. "இது கிருமியால் வந்ததில்லை, உடம்பே தன்னோடு சண்டை போடுகிறது என்று டொக்டர் சொன்னார். அப்படியென்றால் என்ன? காலமெல்லாம் மாத்திரை போடவேண்டுமா? இனிப் பிள்ளை பெறலாமா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு நோய்கள்

குடல் அழற்சி நோய் என்று சொல்லப்படுவதில் முக்கியமானவை இரண்டு. பெருங்குடலின் உட்புறத் தோலில் மட்டும் புண் உண்டாவது ஒன்று. இதைப் பெருங்குடல் புண் அழற்சி என்கிறார்கள். லண்டன் வைத்தியரான சாமுவேல் வில்க்ஸ் 1859 இல் இதைப் பற்றி எழுதினார். மற்றது கிரோன் நோய். வாயிலிருந்து மலவாசல் வரை எந்த இடத்திலும் இது வரலாம். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கலாம். 1932 இல் நியூயோர்க்கில் பரில் கிரோன் என்ற வைத்தியரும் அவருடைய இரண்டு தோழர்களும் இதை விவரித்ததால் அந்தப் பெயர் வந்தது.

இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலும், ஒரே மலசலகூடத்தைப் பாவித்தாலும் ஒட்டாது. நோயாளியைத் தனியாக உட்காரவைத்துத் தனித் தட்டில் சோறு போடும் வீட்டார் இதை நன்றாக மனதில் கொள்ளவேண்டும்.

இது வெள்ளைக்காரரின் வியாதி, நமக்கு வராது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நம் நாட்டில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில் 295 நோயாளர் கணக்கிடப்பட்டனர். அவர்களில் 240 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி, 55 பேருக்குக் கிரோன் நோய். அதாவது ஒரு இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு முதலாவது நோயும், ஒருவருக்கு இரண்டாவது நோயும். மேல்நாடுகளோடு பார்த்தால் இது குறைவுதான். ஆனால் ஆசிய நாடுகளில் இந்நோய் கூடிக்கொண்டு வருகிறது என்பதை வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அரிதான நோய் என்பதாலேயே அது வயிற்றுளைவு என்றும் மூலம் என்றும் தவறாக எண்ணப்பட்டுக் காலம் கடந்துவிடுகிறது.

உடம்பு தன்னோடு சண்டை போடுவது எப்படி?

இதைப் புரிந்துகொள்ளக் குடல் சுவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். நாம் சாப்பிட்ட சாப்பாட்டையும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களையும் ஒரு பக்கமாகவும், நமது இரத்தத்தை மறுபக்கமாகவும் பிரித்து வைத்திருப்பது ஒரேயொரு வரிசைக் கலங்கள்தான். கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்பதுபோல அவை ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. இரண்டு கலங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி இறுக்கமாகத் தைத்ததுபோல் மூடப்பட்டிருக்கும். இந்தக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒரு தடவை உதிர்ந்து, புதிய கலங்கள் வந்து நிரையை நிரப்புகின்றன.

நிரையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே வேலை இல்லை. சில கலங்கள் சத்தையும் நீரையும் உறிஞ்சுகின்றன. சில கலங்கள் வழுவழுப்பான சீதத்தைச் சுரந்து சுவரை மூடுகின்றன. பெருங்குடலில் இந்தச் சீதம் இரண்டு படையாக இருக்கிறது. வெளிப்படையில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன, உட்படையில் அவை கிட்டத்தட்ட இல்லை. சுவீடனின் கோதன்பேர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை 2008 இல் காட்டினார்கள். சுவருக்குப் பின்னால் காவலாளிகளாக நோய் எதிர்ப்புக் கலங்கள் நிற்கின்றன.

இத்தனை பேரும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாய் இல்லாததால் இரசாயனப் பொருட்களால் பேசுகிறார்கள். "இங்கே ஒரு கிருமி புகுந்துவிட்டது, ஓடி வாருங்கள்" என்று ஒரு கலம் ஒரு பொருளை வெளிவிடும். அதைக் கேட்டுக் காவல் கலங்கள் கூடும். அந்த இடம் சிவந்து வீங்கும். இதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் "போதும், கலைந்து போங்கள்" என்று வேறு கலங்கள் சொல்லும். "காயம் பட்ட இடத்தில் புதிய கலங்களை உண்டாக்குங்கள்" என்று இன்னொரு செய்தி சுவருக்குப் போகும். நமக்குத் தெரியாமலே இது தினமும் நடக்கிறது.

முந்திய காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படிப்பார்கள் அல்லவா? தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வருவார்கள். வேலை பிரித்துக் கொடுத்ததும் தப்பு நின்றுவிடும். அந்தத் தப்பு இரவும் பகலும் நிற்காமல் அடித்தால் என்ன நடக்கும்? வேலை இல்லாத இடத்தில் ஆட்கள் வந்து குவிந்துகொண்டே இருப்பார்கள். மிதிபட்டுத் தேயிலைச் செடியே நாசமாகும். குடல் அழற்சி நோயில் நடப்பது இதுதான். கூப்பிடும் செய்தி நிற்பதில்லை. கலைந்து போகச் சொல்லும் செய்தி எடுபடுவதில்லை. சீதம் மெலிந்து, கலங்களின் தையல் விட்டு, அதன் வழியே பற்றீரியாக்கள் நெருங்க, கூப்பாடு இன்னும் கூடுகிறது.

இந்தக் குழப்பம் ஏன் ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. பரம்பரைக் குணம் கொஞ்சம் சேருகிறது. 2001 இல் கிரோன் நோயோடு தொடர்புள்ள நொட் 2 என்ற பரம்பரை அலகைக் கண்டுபிடித்தார்கள். பற்றீரியா வந்திருப்பதை உணர்ந்து செய்தி சொல்வதே அதன் வேலை. வளர்ந்து வரும் சூழல், சாப்பாடு, புகைத்தல், குடலில் வாழும் பற்றீரியாக்களின் மாற்றம் ஆகியவையும் சேருகின்றன. செய்வினையோ, யாருடைய கண்ணேறோ இதில் இல்லை. நோயாளி செய்த பாவமும் இல்லை.

மருந்து செய்யும் வேலை

மருந்துகளின் கதையில் நாம் நினைவில் வைத்திருக்கவேண்டிய ஒரு பெண் இருக்கிறார். சுவீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற வைத்தியர், 1937 இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானவர். சுவீடனின் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே. மூட்டுவாதத்துக்காக அவர் உருவாக்கிய சல்பசலசின் என்ற மருந்து, குடல் புண் உள்ளவர்களுக்கு நல்ல சுகம் தந்தது. 1942 இல் அவர் அதைப் பற்றி எழுதினார். இன்றும் அந்த மாத்திரை பாவனையில் இருக்கிறது.

அந்த மாத்திரை பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பற்றீரியாக்கள் அதை இரண்டாகப் பிளக்கின்றன. அதில் எந்தப் பாதி குணப்படுத்துகிறது என்பதை 1977 இல் ஒக்ஸ்போர்ட்டில் காட்டியவர்களில் முதன்மையானவர் பங்களாதேஷைச் சேர்ந்த வைத்தியர் ஆசாத் கான். அந்தப் பாதியைத் தனியே எடுத்து இப்போது மெசலசின் என்ற பெயரில் கொடுக்கிறார்கள்.

நோய் கடுமையாகும்போது பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து கொடுக்கப்படும். இந்த வகை மருந்து பெருங்குடல் புண்ணுக்கு உதவும் என்பதை ஒக்ஸ்போர்ட் வைத்தியர்களான ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 200 க்கு மேற்பட்ட நோயாளரில் சோதித்து 1955 இல் நிறுவினார்கள். தப்புச் சத்தம் முழுவதையும் ஒரேயடியாக அடக்கிவிடும் மருந்து இது. அதனால்தான் பக்க விளைவும் அதிகம், நீண்ட காலம் கொடுப்பதும் இல்லை. மறுபடி மறுபடி நோய் கிளம்புகிறவர்களுக்கு அசாதயோபிரின் போன்ற மருந்து தந்து, அடிக்கடி இரத்தம் பரிசோதிப்பார்கள்.

பின்னர் வந்த மருந்துகள் இன்ன பேச்சு என்று குறிபார்த்து நிறுத்துகின்றன. ரி.என்.எஃப் என்ற கூப்பாட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் இன்ஃபிளிக்சிமாப் ஊசிக்கு 1998 இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்காக அனுமதி கிடைத்தது. காவல் கலங்கள் இரத்தத்திலிருந்து குடலுக்குள் நுழையும் வாசலை அடைக்கும் வெடோலிசுமாப் 2014 இல் வந்தது. கலத்துக்குள் செய்தி கைமாறுவதைத் தடுக்கும் டொஃபாசிட்டினிப் மாத்திரைக்கு 2018 இல் பெருங்குடல் புண்ணுக்காக அனுமதி கிடைத்தது. இவை விலை கூடியவை. எல்லா நோயாளருக்கும் தேவைப்படுவனவும் அல்ல.

கூப்பாட்டை அடக்குவது ஒரு வழி. "போதும்" என்று சொல்லும் கலங்களைப் பலப்படுத்துவது இன்னொரு வழி. ஆராய்ச்சியாளர்கள் இப்போது இந்த இரண்டாவது வழியில் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். அப்படிச் சமாதானம் சொல்லும் கலங்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கலங்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் அரிய நோயில் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று கடுமையான வயிற்றோட்டம். குடலின் அமைதிக்கு இந்தக் கலங்கள் எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதில் நமது சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கீரை, பருப்பு, குரக்கன், மரக்கறி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளைக் குடல் பற்றீரியாக்கள் சாப்பிட்டு பியூட்டிரேற்று என்ற பொருளை உண்டாக்குகின்றன. பெருங்குடல் கலங்களுக்கு அதுதான் முக்கிய உணவு. சமாதானக் கலங்கள் பெருகவும் அது உதவுகிறது என்று 2013 இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திக் கீரையை மட்டும் சாப்பிடவேண்டாம். நோய் அடங்கியிருக்கும்போது இந்த உணவு நல்லது. நோய் கிளம்பியிருக்கும்போதும், கிரோன் நோயால் குடல் ஒடுங்கியிருக்கும்போதும் கரடுமுரடான நார் உணவு வலியைக் கூட்டும். அப்போது குழைந்த சோறு, கஞ்சி, அவித்த முட்டை, மீன் என்று சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடுங்கள்.

காலமெல்லாம் மாத்திரையா?

இந்த நோய் முற்றாகத் தீர்ந்துபோவதில்லை, அடங்கியிருக்கும், கிளம்பும். அடங்கியிருக்கும் காலத்தை வருடக்கணக்காக நீட்டிக்க மாத்திரையால் முடியும். ஆகவே சுகம் வந்ததும் நிறுத்துவது பெரிய ஆபத்து. வயிற்றால் போவது நின்றாலும் உள்ளே புண் முழுதாக ஆறியிருக்காது. ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

சல்பசலசின் சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகலாம். பயப்படவேண்டாம். அந்த மருந்து போலிக் அமிலம் உடம்பில் சேருவதைக் குறைக்கும் என்பதால் போலிக் அமில மாத்திரையும் தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளப்பிவிடக்கூடும். கொழுந்துக்கூடை சுமந்து இடுப்பு நோகிறது என்றால் டொக்டரிடம் கேட்டு வேறு மாத்திரை வாங்குங்கள். பெருங்குடல் புண் வந்து 8 வருடங்கள் ஆனவர்கள், நோய் இல்லாததுபோல் இருந்தாலும், புற்றுநோய் வராமல் பார்த்துக்கொள்வதற்காகக் கமராப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.

பிள்ளை பெறலாமா?

பெறலாம். இந்த நோயுள்ள பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். நோய் கிளம்பியிருக்கும்போது கருத்தரிப்பதுதான் சிக்கல். குறைப் பிரசவமும் குறைந்த நிறையும் அதனால்தான் கூடுகின்றன. எனவே சில மாதங்கள் நோய் அடங்கியிருக்கும் காலத்தைப் பார்த்து டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கருத்தரிப்பது நல்லது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை வீசிவிடாதீர்கள். சல்பசலசின், மெசலசின் மாத்திரைகளைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம் என்பதே வைத்திய உலகின் முடிவு. மெதோட்ரெக்சேற்று என்ற மருந்து கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. அதைச் சாப்பிடுகிறவர்கள் பிள்ளைக்கு ஆசைப்பட்டால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டும். குடும்பநல மருத்துவிச்சியிடமும் உங்கள் நோயைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் மாமியார்மாருக்குச் சொல்லவேண்டும். நோயாளி கணவராக இருந்து அவர் சல்பசலசின் சாப்பிட்டால், விந்தணு தற்காலிகமாகக் குறையலாம். மருந்தை மாற்றினால் சில மாதங்களில் சரியாகிவிடும். இது தெரியாமல் "மலடி" என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணீர் விடும் மருமகள்கள் இருக்கக்கூடாது.

சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்

கலங்களுக்கிடையிலான பேச்சை மருந்து திருத்தும். நமக்கும் டொக்டருக்கும் இடையிலான பேச்சை நாம்தான் தொடங்கவேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் நாலு பேர் நிற்கும்போது "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பூச்சி மருந்துதான் கிடைக்கும். தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துப் பெண்கள் பலருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தடுப்பது மொழியல்ல, வெட்கம். "மல எக்க லே யனவா" என்ற ஒரு வசனம் போதும், டொக்டர் மீதியைக் கேட்டுக்கொள்வார்.

போகும் முன் ஒரு கொப்பியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை வாரமாக இருக்கிறது, நாளைக்கு எத்தனை தடவை, இரத்தம் சிவப்பா கறுப்பா, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போகவேண்டியிருக்கிறதா, நிறை குறைந்திருக்கிறதா, காய்ச்சல், மூட்டு நோவு, வாய்ப்புண், கண் சிவப்பு உண்டா. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போவது வழமை, அதையும் சொல்லுங்கள்.

நாலு வாரத்துக்கு மேல் வயிற்றால் போனாலோ, எத்தனை தடவையானாலும் இரத்தம் போனாலோ கட்டாயம் காட்டவேண்டும். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் கடுமையானது என்று அறிய 1955 இல் ட்ரூலவும் விட்ஸும் வகுத்த அளவுகோலில் இவை அடங்கும். வைத்தியர்கள் இன்றும் அதைக் கைக்கொள்கிறார்கள். முதலில் மலத்தைப் பரிசோதித்து அமீபா போன்ற கிருமி உண்டா என்று பார்ப்பார்கள். நம் நாடுகளில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோன்றும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். இத்தனை பரிசோதனை எதற்கு என்று சலிக்கவேண்டாம். கிருமி இருக்கும்போது அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் கேடு விளையும்.

தெல்தெனிய வழியாகக் கண்டிக்கு வளைவுப் பாதையில் பஸ் ஏறுவதே இந்த நோயாளிக்குப் பெரும் பாடு. இடையில் இறங்க முடியாதே என்று பயந்து கிளினிக்கை விடுகிறவர்கள் உண்டு. ஒரு மாற்றுச் சேலையும் துணைக்கு ஒருவரும் கொண்டு புறப்படுங்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் மாதாந்த மருந்தைக் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் எடுக்கக் கடிதம் தர முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

மலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அருகில் மலசலகூடம் இல்லாதது ஒரு பெரிய குறை. நோயாளிக்கு மட்டுமல்ல, மாதவிடாய்க் காலத்தில் நம் எல்லோருக்கும் இது கஷ்டம்தான். நோயாளிக்கு லயத்துக்குக் கிட்டிய மலையிலோ, பிள்ளைக் காம்பராவுக்கு அருகிலோ வேலை தருமாறு மாதர் சங்கத்தின் மூலம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். ஒருத்தி தனியாகக் கேட்க வெட்கப்படும் விஷயத்தைப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வெட்கமில்லை.

உங்கள் நிரையில் நிற்கும் ஒருத்தி அடிக்கடி செடி மறைவுக்கு ஓடுகிறாளா, முகம் வெளிறி இருக்கிறாளா என்று பாருங்கள். கேலி செய்யாமல் பக்கத்தில் போய், "என்னடி, வயிற்றுக்கு என்ன?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் பாதி வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.